ஊராளக் கற்றுக்கொள்வோம்



2012-ஆம் ஆண்டின் கோடைக் காலம். ஒரு பங்கில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, பங்கு இல்லத்துத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். பூசைக்கு வந்தோர் இருவர் மூவர் அருகில் நின்று ஊர்ச் செய்திகளைப் பேசிக்கொண்டிருந்தனர். பேச்சு ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றித் திரும்பிற்று. "எழுதப் படிக்கத் திணறும் ஒரு பெண்பிள்ளையைத் தலைவராக்கினால் இப்படித்தான் நடக்கும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் நகைத்தனர். நாமும் தலையை அசைத்தோம். அந்தத் தலையசைப்புக்காக இன்றளவும் வெட்கப்படுகிறோம். இம்மாதப் பகுதியை எழுதத் தூண்டியதும் அந்த வெட்கமே.

சற்று நேரத்தில், கையில் ஒரு துணிப்பையுடன் நடுத்தர வயதுள்ள ஓர் அம்மையார் பங்கு இல்லத்துக்குள் நுழைந்தார். பங்குத் தந்தை எழுந்து நின்று, "வாங்கம்மா" என்று வரவேற்றார். அவர்தாம் அவ்வூராட்சியின் தலைவர். 2011 அக்டோபரில் நடந்த தேர்தலில், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்று வென்றவர். அவர் அமரவில்லை. "சாமி, இந்தப் பதவி எனக்கு வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார். குரல் தழுதழுத்தது.

காரணம் இதுதான். ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோய்ப் பதினேழு நாட்கள் ஆகிவிட்டன. மேல்நிலைத் தொட்டி வறண்டு கிடக்கிறது. "பணம் இல்லை" என்கிறார் ஊராட்சிச் செயலர். எந்தக் கணக்கில் இல்லை, எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது இவருக்குத் தெரியவில்லை. காசோலையில் ஒப்பமிட வேண்டிய துணைத் தலைவரோ ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். "குழாயடிக்குப் போனால் நம் கோவில் பெண்களே ஏசுகிறார்கள், சாமி. மாதா சபையில் என் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறவர்கள்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திண்ணையில் இருந்த நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் துணியவில்லை.

குற்றம் யாருடையது?

அந்த அம்மையார் அறிவில்லாதவரா? அல்லர். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பல ஆண்டுகள் ஒரு காசு பிசகாமல் நடத்தியவர். நேர்மையற்றவரா? அப்படிப் பகைவரும் சொல்லியதில்லை. உழைக்கத் தயங்குபவரா? விடியற்காலையில் தொட்டி இயக்குபவருடன் தாமே போய் வால்வைத் திருப்பியவர். அவரிடம் இல்லாதவை மூன்று. ஊராட்சிப் பேரேட்டைப் படிக்கும் பயிற்சி இல்லை. சட்டம் தமக்குத் தந்த அதிகாரம் எது, தராதது எது என்னும் தெளிவு இல்லை. பக்கத்தில் நின்று தோள் கொடுக்க ஆளில்லை. இம்மூன்றையும் தராமல் ஒருவரை நாற்காலியில் அமர்த்திவிட்டு, "தண்ணீர் எங்கே?" என்று கேட்டோம் நாம்.

நம் நாட்டில் ஊராட்சிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களில் அடங்கிவிடுகிறது. ஒன்று நிதி, மற்றொன்று ஊழல். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே திறன். பணம் வந்து, ஆளும் நல்லவராய் இருந்து, செய்யத் தெரியாமல் போனால் குழாயில் காற்றுத்தான் வரும். செய்யத் தெரியாதவரைச் சுற்றித்தான் ஊழலும் எளிதில் படர்கிறது. காட்டிய இடத்தில் ஒப்பமிடும் தலைவரைவிட ஒப்பந்தக்காரருக்கு உகந்தவர் வேறு யார்?

மோசேயின் மாமனார் சொன்ன வழி

இது இன்று நேற்று எழுந்த கேள்வி அன்று. விடுதலைப் பயண நூலின் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மக்களின் வழக்குகளைத் தீர்க்க மோசே காலை முதல் மாலை வரை தனியே அமர்ந்திருக்கிறார். மக்களோ வரிசையில் நின்று சோர்கின்றனர். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, மிதியான் நாட்டுக் குரு, அதைக் கண்டு திகைக்கிறார். நீயும் களைத்துப் போவாய், மக்களும் களைத்துப் போவார்கள் என்று எச்சரிக்கிறார்.

அவர் கூறிய அறிவுரையின் வரிசை முறையைக் கவனியுங்கள். முதலில், சட்டங்களையும் நடக்க வேண்டிய வழியையும் மக்களுக்குக் கற்பிக்கச் சொல்கிறார். அடுத்து, திறமையும் இறையச்சமும் உடையவர்களாய், கையூட்டை வெறுப்பவர்களாய் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். பின்னர் ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் அவர்களைத் தலைவர்களாக்கி, சிறு வழக்குகளை அவர்களே முடித்துக்கொள்ள அதிகாரம் தரச் சொல்கிறார். கற்பித்தல், தேர்ந்தெடுத்தல், அதிகாரம் தருதல் என்பது எத்திரோவின் வரிசை. நாமோ நடுவில் உள்ளதை மட்டும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துவிட்டு, முதலாவதையும் மூன்றாவதையும் மறந்துவிடுகிறோம்.

புதிய ஏற்பாட்டிலும் ஒரு காட்சி உண்டு. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டனர். சோறு பங்கிடும் சின்னஞ்சிறு விவகாரம் என்று திருத்தூதர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. சபையை முழுவதும் கூட்டினார்கள். நற்சான்று பெற்ற, ஞானம் நிறைந்த எழுவரைச் சபையே தெரிந்துகொண்டது. அந்த எழுவரின் பெயர்களைப் படியுங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய இலையில் குறை விழுந்ததோ, அவர்களிடமே அகப்பையைக் கொடுத்தது ஆதித் திருச்சபை! இட ஒதுக்கீட்டைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இப்பகுதியை ஒருமுறை நின்று படிப்பது நலம்.

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் வெளியிட்ட 'குவாத்ரஜேசிமோ ஆன்னோ' என்னும் சுற்றுமடல் இதையே சமூகக் கோட்பாடாக வகுத்தது. சிறிய அமைப்பு தானே செய்துகொள்ளக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்பது அதன் சாரம். பெரிய அமைப்பின் கடமை துணை நிற்பது. துணை நிற்பது என்றால் விட்டு ஒதுங்குவது என்று பொருளன்று. செய்யும் ஆற்றலைச் சிறியவர் பெறும்வரை கை கொடுப்பதும் அதனுள் அடங்கும்.

சட்டம் தந்ததும் தராததும்

தமிழர்க்கு ஊராட்சி புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னரே, ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை மூலம் ஆள் எடுத்ததைக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என வேலைக்கேற்ற வாரியங்கள் அங்கே இருந்தன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழந்தனர். அது பிராமணர் சபை. பெண்களுக்கோ உழைக்கும் குடிகளுக்கோ அதில் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கணக்குக் கேட்கும் அந்த மரபை மட்டும் எடுத்துக்கொண்டு, கதவை எல்லார்க்கும் திறந்துவிட்டது நம் காலத்துச் சட்டம்.

அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராம சபை, பட்டியல் இனத்தார்க்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு ஆகியவை உறுதியாயின. பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கை 2016-இல் தமிழ்நாடு சரிபாதியாக உயர்த்தியது. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவையாக 29 துறைகளைக் குறிக்கிறது. குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, நலவாழ்வு, சிறுபாசனம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பட்டியல் நீண்டிருக்க, கைக்கு வந்தது குறைவாய் நின்றதன் இரகசியம் இதுவே.

தமிழகத்தின் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளில் ஒன்றின் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு செயலர், தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர் சிலர், அவ்வளவே ஆள்பலம். கணக்கோ மூன்று வகை. வரியும் பொது மானியமும் சேரும் பொது நிதி ஒன்று. மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்தும் தொகைக்குமானது இரண்டாவது. திட்டப் பணம் வரும் கணக்கு மூன்றாவது. இவற்றோடு தீர்மானப் புத்தகம், சொத்துப் பதிவேடு, வரிக் கேட்பும் வசூலும் நிலுவையும் காட்டும் பதிவேடு எனப் புத்தகங்கள் பல. பணம் வழங்கத் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து ஒப்பமிட வேண்டும். ஒருவர் கை தவறு செய்யாதிருக்க மற்றவர் கை காவல் என்பது இதன் நோக்கம். அதுவே முட்டுக்கட்டையாகவும் மாறலாம். தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த தலைவர்களும் பெண் தலைவர்களும், துணைத் தலைவர் ஒப்பமிட மறுத்ததால் கைகட்டி நின்ற ஊர்கள் பல.

பயிற்சி என்றால் என்ன?

அரசு பயிற்சியே தரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் உள்ளது. பவானிசாகர், பட்டுக்கோட்டை, தே.கல்லுப்பட்டி முதலிய இடங்களில் மண்டல நிறுவனங்கள் உள்ளன. ஆயினும் நீந்தக் கற்பவனைக் கரையில் உட்காரவைத்து இரண்டு நாள் உரையாற்றி அனுப்பினால் போதுமா? தண்ணீரில் இறங்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டாமா? மண்டபத்தில் கேட்ட பாடம், முதல் வரவு செலவுத் திட்டம் போடும் நாளிலும், முதல் தணிக்கைத் தடை வரும் நாளிலும் துணைக்கு வருவதில்லை.

இவ்வகையில் அண்டை மாநிலமான கேரளம் செய்த ஒரு பெருஞ்சோதனை நம் கவனத்துக்கு உரியது. 1996 ஆகஸ்டில் அங்கு மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. பொதுவாக அரசுகள், "முதலில் திறன் பெறட்டும், பிறகு பணம் தருவோம்" என்று கூறும். கேரளம் அதைத் தலைகீழாக மாற்றியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலிலேயே அறிவித்துவிட்டது. பொறுப்பு வந்து தலையில் அமர்ந்ததும், கற்க வேண்டிய தேவை தானே பிறந்தது. ஊர் ஊராகக் கிராம சபைகள் கூடின. ஒவ்வோர் ஊரும் தன் நிலையைத் தானே ஆராய்ந்து வளர்ச்சி அறிக்கை எழுதிற்று. திருச்சூரை அடுத்த முளங்குன்னத்துக்காவில் 1990-இல் தோன்றிய உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமாகிய 'கிலா' பயிற்சிக்குத் தூணாக நின்றது. ஆரம்ப சுகாதார நிலையம், தொடக்கப் பள்ளி, வேளாண் அலுவலகம், கால்நடை மருந்தகம் ஆகியவை ஊராட்சியின் பொறுப்பில் வந்தன.

அதில் நம் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. ஊர்கள் தீட்டிய திட்டங்களைச் சரிபார்க்கப் போதிய பொறியாளர் அரசிடம் இல்லை. அப்போது ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் மருத்துவர்களையும் வேளாண் அலுவலர்களையும் அழைத்து, ஊதியம் பெறாத தொண்டர் அணியாக அமைத்தார்கள். ஈசிச் சேரில் முடங்கிக் கிடந்த அனுபவம் ஊராருக்கு உதவிற்று. குறைகள் அங்கும் இருந்தன. கிராம சபைக்கு வருவோர் தொகை பின்னாளில் குறைந்தது; கட்சிப் பூசல்களும் புகுந்தன. ஆயினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லையென்றால் ஊராட்சியிடம் கேட்கலாம் என்னும் பழக்கம் அம்மக்களிடம் வேரூன்றிவிட்டது.

நம் மாநிலத்திலும் விளக்குகள் இல்லாமலில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில், இரசாயனப் பொறியியல் கற்று அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ரெ. இளங்கோ, வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி 1996-இல் தலைவரானார். தாழ்த்தப்பட்ட குடும்பமும் பிற குலத்துக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை அங்கே எழுப்பினார்கள். பின்னர் அவர் பிற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தரும் பணியில் இறங்கினார். தலைவர்க்குத் தலைவரே ஆசானாகும்போது, பாடம் புத்தகத்திலிருந்து வராமல் பட்டறிவிலிருந்து வருகிறது.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, ரா. சண்முகம் தலைவராயிருந்த காலத்தில், 2006-இல் 1.55 கோடி ரூபாய்ச் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊராட்சியின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து முதலாயின. ஒரு கிராம ஊராட்சி திட்டம் தீட்டி, வங்கிக்கு நம்பிக்கை ஊட்டி, மின்சாரம் விற்றுக் கடன் அடைக்கிறது என்றால் அது வெறும் ஆர்வத்தால் நடப்பதன்று. கணக்குச் சுத்தமாயிருந்ததால் நடந்தது.

நாற்காலிக்கே விலங்கிட்ட கதை

ஆனால் பயிற்சி ஒன்றே போதும் என்று நாம் சொன்னால் அது பொய்யாகும். மதுரை மாவட்டத்து மேலவளவில், தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997 ஜூனில் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களிலும், தாழ்த்தப்பட்டவர் தலைவராகக் கூடாது என்று தேர்தலையே நடக்கவிடாமல் பத்தாண்டுகள் தடுத்தனர். 2006-இல்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தது. கொலைக்கு அஞ்சுகிறவருக்குக் கணக்குப் பாடம் எதற்கு? நாற்காலியில் அமர விடாத சாதி, குழாயில் தண்ணீரும் வரவிடாது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய குற்றம் நம் கிறிஸ்தவர்களிடமும் உண்டு. ஆகவே பிறர்மேல் கல்லெறியும் முன் நம் கைகளைப் பார்த்துக்கொள்வோம்.

மற்றொரு தடை, தேர்தலே நடவாத காலங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை தமிழகக் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லை. தனி அலுவலர்களே ஆண்டனர். 2019 டிசம்பரில் தேர்தல் கண்ட ஊராட்சிகளும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. கற்றவர் கலைந்து, புதியவர் வரும்போது எல்லாம் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. விதைத்து முளை கண்டதும் உழுது புரட்டிவிடும் நிலத்தில் விளைச்சல் எப்படிக் கிடைக்கும்?

அம்மையாரின் மீதிக் கதை

அன்று பங்குத் தந்தை நீண்ட ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இராஜினாமாவை அடுத்த மாதம் எழுதலாம். இன்று சாயங்காலம் பேரேடுகளின் நகலைக் கொண்டு வாங்கம்மா" என்றார். பிறகு, நம்முடன் திண்ணையில் இருந்தவர்களுள் ஒருவரைப் பார்த்து, "நீங்கள் ஒன்றிய அலுவலகத்தில்தானே கணக்கராய் இருந்தீர்கள் அண்ணாச்சி? மாலையில் என்ன வேலை உங்களுக்கு?" என்று கேட்டார். காலையில் அந்த அம்மையாரை எள்ளி நகைத்தவரும் அவரே. முகம் சிவந்து, "வருகிறேன் சாமி" என்றார்.

மூன்று மாதங்கள், மாலைச் செபமாலைக்குப் பின், பங்கு இல்லத்தின் மேசைமேல் அந்தக் கல்விக்கூடம் நடந்தது. முதல் வாரத்திலேயே பணம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. செயலர் "இல்லை" என்று சொன்னது திட்டக் கணக்கைப் பற்றி. மோட்டார் பழுது பார்க்கப் பொது நிதியிலிருந்து செலவிட வழி இருந்தது. செயலர் தீயவரல்லர். தணிக்கைக்கு அஞ்சிய எளிய ஊழியர். துணிந்து கேட்க ஒருவர் வந்ததும் அவருக்கும் துணிவு வந்தது. ஒப்பமிட மறுத்த துணைத் தலைவரின் வீட்டுக்குப் பங்குத் தந்தையோ ஆண்களோ போகவில்லை. குழாயடியில் ஏசிய மாதா சபைப் பெண்களே காலிக் குடங்களுடன் போய், வாசலில் அமைதியாக அமர்ந்தார்கள். மறுநாள் ஒப்பம் கிடைத்தது.

அவ்வாண்டு சுதந்திர நாள் கிராம சபையில் அந்த அம்மையார் எழுந்து நின்று, வரவையும் செலவையும் தாமே படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். வீட்டு வரியில் பாதிக்குமேல் நிலுவை என்ற வரி வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. "நிலுவை வைத்தவர்கள் பெயரையும் படிக்கட்டுமா?" என்றார். சிரிப்பொலி எழுந்தது. அடுத்த மாதம் வரி வசூல் தானே உயர்ந்தது. அந்தப் பணத்தில் மாற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்தார்கள். அதன்பின்னும் மோட்டார் எரிந்ததுண்டு. ஆனால் பதினேழு நாள் என்பது ஒரே நாளாயிற்று.

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். 2016-இல் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வரவில்லை. வரவைச் சுவரில் எழுதும் வழக்கம் நின்றது. மூன்றாண்டுக் காலம் கிராம சபைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். ஆயினும் ஒன்று நிலைத்தது. அம்மையாரிடம் பேரேடு படிக்கக் கற்ற இளம்பெண்கள் நால்வர் அவ்வூரில் உள்ளனர். "அக்கா, இந்த முறை நான் நிற்கலாமா?" என்று அவர்களுள் ஒருத்தி கேட்டதாக அவரே நம்மிடம் சொன்னார். தாம் வென்றபோது கண்ட மகிழ்ச்சியைவிட அது பெரிதென்றார்.

நம் குடும்பங்கள் செய்யத் தக்கவை

ஊராட்சியைத் திறன்பெறச் செய்வது அரசின் கடமை. அதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. பயிற்சி, ஆள், நிதி, அதிகாரம் ஆகிய நான்கையும் கேட்டுப் பெற வேண்டும். தேர்தலையும் காலத்தில் நடத்தச் சொல்ல வேண்டும். அதே வேளையில், நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கக் கூடியவை சில உண்டு.

முதலாவது, கிராம சபைக்குச் செல்லுதல். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட்டும் ஏற்பாடு தமிழகத்தில் 2022 முதல் வந்துள்ளது. அன்பியக் கூட்டத்தின் அறிவிப்புகளில் இந்நாட்களையும் சேர்த்துப் படியுங்கள். ஆகஸ்டு 15 மாதா விண்ணேற்புத் திருநாளும் ஆதலால், பூசை முடிந்து அப்படியே கூட்டத்துக்குப் போகலாமே! தீர்மானத்தை முழுவதும் படித்துப் பார்த்தபின் ஒப்பமிடுங்கள்.

இரண்டாவது, வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் காலத்தில் செலுத்துதல். வரி கட்டாதவன் நாவில் கேள்வி வலுவிழக்கும்.

மூன்றாவது, அனுபவத்தைத் தானம் செய்தல். நம் பங்குகளில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கணக்கர்கள், பொறியாளர்கள், செவிலியர்கள் எத்தனை பேர்! திருநாள் தேர் அலங்காரத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை ஊராட்சிக்கு ஈந்தால், எத்தனை தலைவர்கள் தலைநிமிர்வார்கள்! ஆனால் ஓர் எச்சரிக்கை: உதவச் செல்பவர் தாமே தலைவராகிவிடக் கூடாது. பேனாவை அவர் கையிலேயே விட்டுவிட்டு விரலால் மட்டும் காட்டுங்கள். பெண் தலைவரின் கணவருக்கும் மகனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நான்காவது, நாவடக்கம். தவறு செய்த தலைவரைக் கணக்கோடு கேளுங்கள். தெரியாமல் தவிக்கும் தலைவரை ஏசாதீர்கள்.

எருசலேமின் மதில் இடிந்து கிடந்தபோது, நெகேமியா அதை எவ்வாறு கட்டினார்? அவரவர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைப் பழுதுபார்த்தனர் என்று அந்நூலின் மூன்றாம் அதிகாரம் பெயர் பெயராய்ச் சொல்கிறது. பொற்கொல்லரும் நறுமண வணிகரும் கல் சுமந்தார்கள். ஒருவர் தம் புதல்வியரோடு வந்து வேலை செய்தார். உயர்குடியினர் சிலர் மட்டும் கழுத்தைக் கொடுக்க மறுத்தனராம். ஐம்பத்திரண்டு நாட்களில் மதில் எழுந்தது.

அன்று அந்தத் திண்ணையில் நாமும் கழுத்தைக் கொடுக்க மறுத்தவர்களின் வரிசையில்தான் இருந்தோம். உங்கள் ஊர்த் தலைவர் யாராயினும், எந்த மதத்தவராயினும், எந்தக் குலத்தவராயினும், அடுத்த முறை அவர் துணிப்பையுடன் வரும்போது எழுந்து நின்று இடம் கொடுங்கள். பிறகு பேரேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம். இறைவன் உங்கள் இல்லங்களையும் ஊர்களையும் ஆசீர்வதிப்பாராக.